கேட்டுப் பாருங்கள்: பி.ரம்லியின் வாழ்க்கை, பாட்டு பாட்டாக

பி.ரம்லியின் பாடல்களை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்கும் மாணவர்களிடம் நான் 'கெத்தாரான் ஜீவா'வைச் சொல்வதில்லை. அதை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். பள்ளிக் கலை நிகழ்ச்சியிலோ, கல்யாண மண்டபத்திலோ, சுதந்திர மாதத்துத் தொலைக்காட்சியிலோ காதில் விழுந்திருக்கும். பழைய காலத்துப் பாட்டு என்று ஒதுக்கியும் வைத்திருப்பார்கள். நான் சொல்வது 'பூன்யி கித்தார்'. கித்தாரின் ஓசை என்று பொருள். 1964இல் வந்த 'தீகா அப்துல்' படத்தில் வருவது. ட்விஸ்ட் தாளம், உட்கார்ந்தபடியே கால் தாளம் போடும். முதன்முறை கேட்பவர்கள் இதுவும் ரம்லியா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், மற்றப் பாடல்களை அவர்களே தேடிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் ஒருகாலத்தில் அவரை ஒதுக்கி வைத்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளை மலாய்ப் படம் ஓடும். மெல்லிய மீசையோடு ஒருவர் கண்கலங்கப் பாடுவார். வீட்டுப் பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பல ஆண்டுகள் கழித்து நல்ல ஹெட்ஃபோன் ஒன்றில் அதே பாடல்களைக் கேட்டபோதுதான், அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை வாத்தியங்கள், எத்தனை ஊர்த் தாளங்கள் இருந்தன என்பது தெரிந்தது. எனவே இந்தக் கட்டுரை ஒரு வாழ்க்கை வரலாறு. கூடவே கேட்க வேண்டிய பாடல்களின் பட்டியலும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அவருடைய இயற்பெயர் தெயுக்கு ஜக்காரியா. 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் சே மா ஹுசேன் பட்டர்வொர்த் பக்கத்துக்காரர். தந்தையின் பெயரிலுள்ள 'பூத்தே'தான் பின்னர் 'பி' என்ற ஒற்றை எழுத்தாகி ரம்லிக்கு முன்னால் வந்து நின்றது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வது நமக்குப் பழகிய வழக்கம். மலாய்க் கலைஞர் ஒருவரின் பெயர் அப்படி அமைந்ததை நம்மவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அவர் வளர்ந்த மரவீடு இன்றும் பினாங்கில் இருக்கிறது. இப்போது நினைவில்லம். ஒரு சிறிய கம்பத்து வீடு, அவ்வளவுதான். பிள்ளைக்குப் பியானோ வாங்கிக் கொடுக்கும் வசதியெல்லாம் இல்லாத குடும்பம் என்பது வாசலில் நின்றாலே புரிந்துவிடும்.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்று படிப்பு போனது. இடையில் ஜப்பானியர் வந்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. பையன் ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளியில் சேர்ந்து ஜப்பானிய மொழியும் அவர்களுடைய பாட்டுகளும் கற்றுக்கொண்டான். போர்க்காலத்தில் பிள்ளைகள் இழந்தவற்றைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அந்தக் காலத்திலும் ஒரு பிள்ளையின் காது தன் வேலையை நிறுத்தவில்லை. யார் பாடினாலும், எந்த மொழியில் பாடினாலும், மெட்டை எடுத்து வைத்துக்கொண்டது.

முதலில் கையில் கிடைத்தது உக்குலேலே. நான்கு கம்பிகள் கொண்ட சிறிய கித்தார் போன்ற கருவி அது. பிறகு கித்தார், வயலின், பியானோ. கம்போங்கில் வாத்தியக் குழு நடத்திய கமாருடின் என்பவரிடம் இசைக்குறியீடு படிக்கக் கற்றார். அக்கம்பக்கத்து இளைஞர்களோடு சேர்ந்து சின்ன இசைக்குழு ஒன்றில் வாசித்தார். வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, 1947இல் வடக்கு வட்டாரத்தின் சிறந்த பாடகராகத் தேர்வு பெற்றார். அப்போது வயது 18. இன்றைய கணக்கில் எஸ்.பி.எம். முடித்து, அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வயது.

அந்தப் பருவத்திலேயே அவர் மெட்டமைத்த பாட்டு 'அஸிஸா'. என் பட்டியலில் இரண்டாவது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஏங்கும் பாட்டு, அவ்வளவுதான் பொருள். ஆனால் அதை மலாய்க் கிராமத்துப் பாட்டாக அவர் செய்யவில்லை. கியூபாவிலிருந்து கிளம்பி, இசைத்தட்டுகளிலும் ஹாலிவுட் படங்களிலும் ஏறி நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த இலத்தீன் அமெரிக்கத் தாளத்தின் அசைவு அதில் இருக்கிறது. அதன்மேல் மலாய்ப் பாடகர்கள் எழுத்துகளை இழுத்து வளைக்கும் முறையை வைத்தார். பினாங்கில் ஓர் இளைஞன் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று நான் வியப்பதுண்டு. பினாங்கு துறைமுகம் என்பதை நினைத்துக்கொண்டால் வியப்பு கொஞ்சம் குறையும். கப்பல்களில் சரக்கு மட்டுமா வந்தது!

1948ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விவசாய விழா. மேடையில் பாடிக்கொண்டிருந்த ரம்லியை, கூட்டத்திலிருந்த பி.எஸ்.ராஜ்ஹான்ஸ் கவனித்தார். ராஜ்ஹான்ஸ் இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தவர். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டுடியோவுக்குப் புதிய குரல் தேடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ரம்லி ரயிலேறி, பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸில் இருந்த அந்த ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரியோடு போய்விடுகிறது. அன்றைய மலாய்ப் படத்துறையில் முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ராஜ்ஹான்ஸ், எல்.கிருஷ்ணன், எஸ்.ராமநாதன், கே.எம்.பாஸ்கர், பி.என்.ராவ், வங்காளத்து பணி மஜும்தார் என்று வரிசை நீளும். கதை நடுவே பாட்டு வர வேண்டும், நாயகன் சோகத்தில் பாட வேண்டும், காதலில் பாட வேண்டும் என்ற அமைப்பு அவர்களோடு வந்தது. படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 'சிந்தா', 'நீலம்', 'பக்தி'. மலாயில் பொருள் சற்று மாறியிருந்தாலும் சொற்கள் நம் காதுக்கு அந்நியமானவை அல்ல. 'கெத்தாரான் ஜீவா'வில் உள்ள ஜீவாவும் நம் ஜீவன்தான்.

ரம்லி முதலில் நடித்த படம் 'சிந்தா', 1948. வில்லன் வேடம். நாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணிப் பாடலும் அவரே பாடினார். ஒரே படத்தில் வில்லனின் உடலும் நாயகனின் குரலும் ஒருவருக்கே! அதன்பிறகும் சில படங்களில் துணை வேடங்கள்தாம். 1950இல் எல்.கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி'யில்தான் முதன்முதலாக நாயகனானார். அதுவரை பிறர் வாயசைப்புக்குப் போய்க்கொண்டிருந்த குரல் சொந்தக்காரரின் முகத்துக்கே வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு எஸ்.ராமநாதன் இயக்கத்தில் 'ஜுவித்தா' வந்தது. அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு பாடலும் உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளமையான, கவலை அறியாத ரம்லியின் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

இங்கே 'ஆல்பம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரம்லியின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அவர் பாடத் தொடங்கிய காலத்தில் இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். திருப்பிப் போட்டால் இன்னொன்று. ஆகவே ஒவ்வொரு பாட்டும் மூன்று நிமிடத்தில் எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அமர்ந்துவிட வேண்டும். அவருடைய பாடல்களில் வீண் அடி ஒன்றும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்று ஆல்பம் என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை. தொகுப்பை அப்படியே ஓடவிடாமல், பாட்டைப் படத்தோடு இணைத்துத் தேடிக் கேட்பது நல்லது.

1955இல், 26ஆம் வயதில், 'பெனாரிக் பேச்சா' என்ற படத்தைத் தானே இயக்கினார். பேச்சா என்பது மூன்று சக்கர ரிக்‌ஷா. ஏழை ரிக்‌ஷாக்காரன் ஒருவனுக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் இடையே வரும் காதல்தான் கதை. நாயகிக்கு அவர் வைத்த பெயர் அஸிஸா. பினாங்கில் பள்ளிப் பையனாக இருந்தபோது போட்ட மெட்டை அந்தப் படத்துக்குள் கொண்டுவந்தார். இயக்குநர் நாற்காலி இந்தியர்களுக்குத்தான் என்று இருந்த ஒரு ஸ்டுடியோவில் மலாய் இளைஞர் ஒருவர் போய் உட்கார்ந்தார். படம் நன்றாக ஓடியது. அதன்பின் அவரை யாரும் வெறும் பாடகராகப் பார்க்கவில்லை.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகள்தாம் அவருடைய பொற்காலம். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாத அளவுக்குப் பாடல்கள் குவிந்து கிடக்கின்றன. தாளத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் கொஞ்சம் எளிது.

மலாய் மரபில் 'அஸ்லி' என்று ஒரு வகை உண்டு. மெதுவான நடை. ரெபானா மேளம் எட்டு எட்டு அடியாக நடந்து போக, பாடகர் அதன்மேல் குரலை நெளித்து, உடைத்து, வளைத்துப் பாடுவார். நம் கமகத்தைப் போன்றது என்று சொன்னால் இசை படித்தவர்கள் என்னைத் திருத்தக்கூடும், ஆனாலும் காது அங்கேதான் போகிறது. இதைக் கேட்க 'நாக் டாரா ரிண்டு'. 1957இல் வந்த 'பூஜாங் லாப்போக்' படத்தில் இடம்பெற்றது. படம் நகைச்சுவைப் படம். மூன்று ஏழைப் பிரம்மச்சாரிகள் ஒரு வாடகை வீட்டில் அடிக்கும் கூத்து. அந்தக் கூத்துக்கு நடுவே இப்படி ஒரு மரபுப் பாட்டை வைக்கத் துணிந்தாரே, அதுதான் ரம்லி. இதன் தொடர்ச்சியாக 1959இல் வந்த 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்'கில் 'மாஃப்கான் காமி' இருக்கிறது. ரம்லி, எஸ்.சம்சுடின், அஸிஸ் சத்தார் மூவரும் சேர்ந்து பாடியது. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் விதம் அமெரிக்க வானொலிக் குழுக்களை நினைவூட்டும். சிரிக்காமல் கேட்க முடிந்தால் சொல்லுங்கள்.

'ஜோகெட்' துள்ளலான தாளம். மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியரின் நடன இசையோடு தொடர்புடையது என்பார்கள். இரண்டிரண்டாக எண்ணும் தாளமும் மும்மூன்றாக எண்ணும் தாளமும் மோதிக்கொள்வதால் வரும் குதிப்பு அது. கைதட்டிப் பாருங்கள், எந்த எண்ணிக்கையில் தட்டுவது என்று கை குழம்பும். 'ஜோகெட் மலேசியா'வில் பெயரிலேயே தாளம் இருக்கிறது. அதைவிடச் சற்று நிதானமான 'இனாங்' தாளத்துக்கு 'இனாங் பாரு'.

இவை கம்பத்துத் தாளங்கள். அதே காலத்தில் சிங்கப்பூரின் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காக்களில் இரவெல்லாம் நடன இசை ஓடியது. ரும்பா, மாம்போ, சா-சா-சா. வாத்தியக்காரர்களில் பலர் பிலிப்பினோக்கள். இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மனிதர் காதில் வைத்திருந்தார் என்பதுதான் ரம்லி இசையின் ரகசியம் என்பேன். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை. இரண்டையும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் செய்துவிட்டார்.

'ஹங் துவா' 1956இல் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. பணி மஜும்தார் இயக்கினார், ரம்லி நாயகன். அந்த ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அதற்குச் சிறந்த இசைக்கான விருது கிடைத்தது. அதில் வரும் 'பெர்கோர்பான் அப்பா சாஜா'வைக் கேளுங்கள். அன்புக்காக எதையும் தியாகம் செய்வது பற்றியது. மெட்டு நேர்க்கோட்டில் போகிறது, அலங்காரம் குறைவு. புதிதாகப் பாடக் கற்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன்.

அதே இயக்குநரின் 'அனாக்கு சஸாலி'யில் ரம்லிக்கு இரட்டை வேடம். தகப்பன் வயலின் கலைஞர். மகன் சஸாலிக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறார். மகன் குற்றவாளியாகிறான். கடைசியில் தகப்பனே மகனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறார். இரண்டு முகமும் ரம்லியுடையது. 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இதற்காகக் கிடைத்தது. படத்தின் பெயரிலேயே உள்ள பாட்டு ஒரு தாலாட்டு. தாலாட்டு மட்டும் கேட்டால் இனிமை. கதை தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும். இதனால்தான் படத்தோடு சேர்த்துக் கேளுங்கள் என்றேன்.

1958இன் 'சார்ஜன் ஹசான்' ஜப்பானியர் காலத்துப் போர்க்கதை. அதில் 'துங்கு செக்கெஜாப்'. கொஞ்சம் பொறு, போகாதே என்று ஒருவரை நிறுத்திவைக்கும் பாட்டு. நடு இரவில் மெல்லிய ஒலியில் கேட்க ஏற்றது. தேர்வுக் காலத்தில் வேண்டாம், புத்தகம் மூடிவிடும். 1960இல் 'அந்தாரா டுவா டார்ஜாட்' வந்தது. அரச குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஏழை இசைக்கலைஞன் பற்றிய கதை. அதில்தான் அந்தக் 'கெத்தாரான் ஜீவா'. வரிகளை எழுதியவர் எஸ்.சுடார்மாஜி. இப்போது கேட்டுப் பாருங்கள். பாட்டே இசையைப் பற்றியதுதான். உயிரின் அதிர்வு எப்படிப் பாட்டாகிறது என்று ஓர் இசையமைப்பாளன் தன் தொழிலைத் தானே எண்ணிப் பார்க்கிறான்.

ரம்லியின் படங்களில் நாயகன் மீண்டும் மீண்டும் இசைக்கலைஞனாகவே வருவதையும், அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனை மதிக்காததையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு'வில் இது உச்சத்துக்குப் போகிறது. தலைப்புக்குப் பொருள் 'என் மாமியார்'. காசிம் செலாமாட் என்ற சாக்ஸஃபோன் கலைஞனின் இசையை வானொலியில் கேட்டுக் காதலிக்கிறாள் பணக்காரப் பெண் சபரியா. தாய்க்கு இசைக்காரர்கள் என்றாலே இளக்காரம். இருவரையும் வெறுங்கையோடு துரத்திவிடுகிறாள். பினாங்கில் வறுமை. பிள்ளை பெறத் தாய் வீடு போனவள் இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி வருகிறது. காசிம் அழுது அழுது பார்வை இழக்கிறான். பின்னர் சிகிச்சையால் பார்வை திரும்பி உண்மை தெரியவரும்போது, தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். முதல் பாதியில் சிரிக்க வைத்த படம் இப்படி முடிகிறது. 'ஜெரித்தான் பாத்தின்கு', 'டி மானா கான் கு சாரி கன்தி' இரண்டும் இதில் உள்ளவை. இரண்டாவதைத்தான் அவர் பாடியவற்றிலேயே சிறந்ததாக நான் வைப்பேன். இழந்த ஒருத்திக்கு ஈடாக இன்னொருத்தியை எங்கே தேடுவேன் என்று கேட்கும் பாட்டு. குரலை ஓரிடத்திலும் உயர்த்திக் கத்துவதில்லை. அழுகையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பாடுகிறார். 1963இல் தோக்கியோ விழாவில் பன்முகத் திறமைக்கான விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. இயக்கம், நடிப்பு, இசை, பாட்டு எல்லாம் ஒருவரே என்றால் வேறு என்ன பெயரில் விருது கொடுப்பார்கள்?

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அடுத்த பத்தாண்டுகளில் அவருக்கு நடக்கப்போவதை அவரே முன்கூட்டி எடுத்துவிட்டதுபோல் தோன்றும்.

1963இல் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது, ஆண்டு இறுதியில் மலேசியாவிலும் வந்தது. வீட்டிலேயே படம் தெரிந்தால் கொட்டகைக்கு ஏன் போக வேண்டும்? இந்தோனேசியாவுடனான மோதலால் மலாய்ப் படங்களின் பெரிய சந்தை அடைபட்டது. ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோ தேயத் தொடங்கியது. 'மடு தீகா', 'தீகா அப்துல்' என்று 1964இல் வந்த கலகலப்பான படங்களோடு அவருடைய சிங்கப்பூர் வாழ்க்கை முடிந்தது. மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டுடியோவில் சேர்ந்தார். சலோமா அப்போதே பெரிய பாடகி. அவருடைய குரலைத் தனியாக ஒரு கட்டுரையில் எழுத வேண்டும். இங்கே ஒரு வரியில் அடக்குவது நியாயமில்லை என்று தெரிந்தே அடக்குகிறேன்.

கோலாலம்பூரில் வசதிகள் குறைவு. சிங்கப்பூரில் பழகிய தொழில்நுட்பக் கலைஞர்களும் வாத்தியக்காரர்களும் கூட வரவில்லை. இதே நேரத்தில் இளைஞர்களின் காது வேறு பக்கம் திரும்பியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து பாடியதிலிருந்தே ஊர் ஊருக்கு மின்கித்தார்க் குழுக்கள் முளைத்தன. பிறகு பீட்டில்ஸ் அலை. மலாய் இளைஞர்கள் அதைத் தங்கள் மொழியில் பாடினார்கள். 'பாப் யே யே' என்று பெயர் வந்தது. எம்.ஒஸ்மானின் 'சுசானா'வையும் ஜெஃப்ரிடினின் பாடல்களையும் தேடிக் கேளுங்கள். மட்டமான இசை இல்லை, நல்ல துடிப்பான இசை. அன்று உங்கள் வயதில் இருந்தவர்கள் அதற்கு ஆடினார்கள். ரம்லியைப் பழையவர் என்றார்கள்.

'பூன்யி கித்தார்' மூலம் அவர் அந்த ஓசையைத் தொட்டுப் பார்த்தவர்தான். இளைஞர்களைவிட நன்றாகவே செய்தார் என்று நான் சொல்வேன். ஆனால் அவர் மனம் அங்கே தங்கவில்லை. மின்கித்தார் வெள்ளத்தில் அஸ்லியும் இனாங்கும் ஜோகெட்டும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அஞ்சினார். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. அங்கே பேராசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நடுவில், மலாய் மரபிசையின் தரத்தை எப்படி உயர்த்துவது என்று ரம்லியும் ஒரு கட்டுரை படைத்தார். பட்டம் எதுவும் இல்லாத மனிதர், 23 ஆண்டுகள் தொழில் செய்து கற்றதை எழுதிக்கொண்டு போனார். இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. ரும்பாவையும் மாம்போவையும் மலாய்ப் பாட்டுக்குள் அழைத்துவந்தவர், மின்கித்தாரை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? ஆனால் அவர் கவலை வாத்தியத்தைப் பற்றியது மட்டும் அல்ல. தாளம் தெரியாமல் வளரும் ஒரு தலைமுறையைப் பற்றியது. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதை வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். நம் உருமியும் பறையும் எங்கே நிற்கின்றன என்ற கேள்வியும் தானாக வந்து சேரும்.

மெர்டேக்கா ஸ்டுடியோவில் அவர் 18 படங்கள் இயக்கினார். 'டோ ரே மி' போன்ற சில சிரிக்க வைத்தன. பல படங்கள் ஓடவில்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். மொத்தம் 34 படங்களை இயக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிய மனிதரைத் தேடி வாய்ப்புகள் வருவது நின்றுபோயின. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44தான். வீட்டில் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு எல்லாம் வந்தது. கோலாலம்பூரின் நடுவே ஒரு சாலைக்கு அவர் பெயர். அவர் குடியிருந்த செத்தாபாக் வீடு 1986இல் நினைவு நூலகமானது. 1990இல் டான் ஸ்ரீ பட்டம், இறந்து 17 ஆண்டுகள் கழித்து. 2007இல் இஸ்தானா புடாயாவில் அவர் வாழ்க்கை இசை நாடகமானது. அவர் படங்களைத் தொலைக்காட்சி ஓயாமல் ஒளிபரப்பியது. நான் எழுந்து வெளியே போன அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி வந்தவைதான்.

இவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்த மரியாதை ஒரு ஆல்பம். ஷீலா மஜிட் 1990இல் வெளியிட்ட 'லெகெண்டா'. ரம்லியின் பாடல்களை எடுத்து, ஜாஸ் சாயலில், அன்றைய ஒலிப்பதிவு நேர்த்தியோடு பாடியிருக்கிறார். பழைய ஒலிப்பதிவின் இரைச்சல் உங்களைத் தள்ளிவைக்கிறது என்றால் இதிலிருந்து தொடங்குவதிலும் தவறில்லை. முதலில் ஷீலாவின் பாட்டு, உடனே ரம்லியின் மூலம். ஒரே மெட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளி. எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இசை படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது.

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது 'டெண்டாங் பெரந்தாவ்' கடைத்தெருவெங்கும் ஒலிக்கும். வெளியூரில் இருந்துகொண்டு பெருநாளன்று ஊரை நினைப்பவனின் பாட்டு. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் தீபாவளிக்கு விடுப்பு கிடைக்காத ஆண்டில் இதைக் கேட்டால், மொழி வேறு என்பதே மறந்துபோகும்.

பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி. 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', கோலாலம்பூரில் கண்ணீர். அவர் கடைசியாக மெட்டமைத்த பாட்டு என்று அறியப்படுவது. அதை அவர் பாடவில்லை. அவர் போனபின் சலோமா பாடினார். சலோமாவும் 1983இல் மறைந்தார். இந்தப் பாட்டை மற்றவற்றோடு சேர்த்து ஓடவிட வேண்டாம். எல்லாம் கேட்டு முடித்தபின், ஒருமுறை மட்டும், தனியாகக் கேளுங்கள்.